உடைக்க 3 நாள், அள்ள 11 நாள்: பழைய கான்கிரீட்டை அகற்ற ஆள் வைப்பவர்களுக்கு

எங்கள் வீடு சென்னையின் தென்புறநகரில், எண்பதுகளில் கட்டியது. தெருவில் சாலை போடப் போட வீடு பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஐப்பசி மழை வலுத்தால் தெருத்தண்ணீர் கார் நிறுத்தும் இடம் வரை விருந்தாளியைப் போல வந்து உட்கார்ந்துகொள்ளும். போதாததற்குத் தரையின் வாட்டமும், அதாவது தண்ணீர் ஓடும் சரிவும், வீட்டைப் பார்த்தே இருந்தது. அதன்மேல் இன்னும் ஓர் அடுக்குப் போட்டால் வாசற்படி மறைந்துவிடும். ஆகவே இருப்பதை உடைத்தெடுத்துவிட்டு, வாட்டத்தை மாற்றிப் புதிதாகப் போடுவதென்று முடிவு செய்தோம். மேஸ்திரி வந்தார். செருப்புக் காலால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். "நான்கு அங்குலம்தான் சார், இரண்டு நாளில் முடித்துவிடலாம்" என்றார். 300 சதுர அடிக்கு ஒரு தொகை பேசி, அட்வான்சும் கொடுத்தாயிற்று.

முதல் நாள் பகல் 11 மணிக்கு அந்த நான்கு அங்குலம் முடிந்தது. கீழே ஒரு விரற்கடை மணல். மணலுக்கும் கீழே இன்னொரு கான்கிரீட். யாரோ, அநேகமாக என் அப்பாவேதான், பழையதை எடுக்காமல் மேலேயே புதியதைப் போட்டிருக்கிறார். கூலி இரட்டிப்பானது. உடைத்து முடிக்க 3 நாள் ஆயிற்று. உடைத்த குவியலை யார் எடுத்துப் போவது என்று பேசவே இல்லை என்பது நான்காம் நாள் காலையில்தான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. அது 11 நாள் வாசலில் கிடந்தது. எதிர்வீட்டு மாமி அத்தனை நாளும் என்னிடம் பேசவில்லை.

அந்த 11 நாளில் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை. எல்லோரும் சதுர அடிக்கு விலை பேசுகிறோம். ஆனால் செலவைத் தீர்மானிப்பவை இரண்டு: கான்கிரீட்டின் கனம், கழிவு போய்ச் சேரும் இடம். இவ்விரண்டும் தெரியாமல் யாரிடமும் விலை கேட்காதீர்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை

இங்கே சொல்வதெல்லாம் தரையோடு கிடக்கும் கான்கிரீட்டுக்கு மட்டும்: கார் நிறுத்துமிடம், வீட்டைச் சுற்றியுள்ள நடைபாதை, கொல்லைப்புறத் துவைக்கும் மேடை போன்றவை. தூண், பீம், மேல்தளம், சன்ஷேடு ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. சன்ஷேடு பார்க்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அது ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடித்துக்கொண்டு மறுபக்கம் அந்தரத்தில் நிற்பது. அதைத் தாங்கும் முக்கியக் கம்பிகள் மேற்பகுதியில் ஓடுகின்றன. மேலிருந்து கொத்தத் தொடங்கி அந்தக் கம்பியின் பிடி விட்டுப்போனால், மொத்தமும் கீழே நிற்பவர் தலையில் இறங்கும். அதற்குக் கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். "இதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்லும் மேஸ்திரிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தரையையும் உடைத்தே தீர வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். சிறு சுத்தியலால் பல இடங்களில் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் அடிக்கான்கிரீட் உறுதியாக இருக்கிறது. மேற்பூச்சை மட்டும் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினால் போதும். தொப் தொப்பென்று கேட்டால், ஒன்று மேற்பூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது அடியில் மண் இறங்கிக் குழி விழுந்திருக்கிறது. இரண்டாவதுதான் உடைக்க வேண்டிய வகை.

சோதனைக் குழி

ஒரு கொத்தனாருக்கு அரை நாள் கூலி கொடுத்து, ஒரு சாண் அகலத்தில் இரண்டு இடங்களில் மண் தெரியும்வரை கொத்தச் சொல்லுங்கள். ஒன்று சுவர் ஓரமாக, மற்றது கேட் அருகில். இரண்டிலும் கனம் வேறாக இருக்கும். வாட்டத்துக்காக ஒரு பக்கம் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். நான் இதைச் செய்திருந்தால் அப்பாவின் இரகசியம் அரை நாள் கூலியில் வெளிவந்திருக்கும்.

குழியில் மூன்றைப் பாருங்கள். எத்தனை அடுக்கு, எத்தனை அங்குலம்? கம்பி இருக்கிறதா? கலவை எப்படி? பழைய வீடுகளில் தரைக்கு அடியில் ஒன்றரை அங்குல ஜல்லியைக் குறைந்த சிமெண்டில் கலந்து போட்டிருப்பார்கள், கடப்பாரைக்கே உதிரும். கார் ஏறி இறங்கும் இடத்தில் முக்கால் அங்குல ஜல்லியும் கம்பி வலையும் இருக்கலாம். அங்கே சம்மட்டி மட்டும் எடுபடாது. அதிர்ந்து உடைக்கும் பிரேக்கர் மிஷினும் கம்பி அறுக்கும் கட்டிங் மிஷினும் தேவைப்படும். குழிகளைப் பக்கத்தில் அளவு நாடாவை நிறுத்திப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விலை பேசும்போது நீங்கள் வாயால் சொல்வதைவிட அந்தப் படம் அதிகம் பேசும்.

அடுத்தது, தரைக்கு அடியில் ஓடுபவை. கழிவுநீர்க் குழாய் வழியில் இடையிடையே இருக்கும் சிறு தொட்டிகளின் (சேம்பர்) மூடிகளைக் கோடு போட்டு இணைத்தால் குழாய் போகும் வழி ஏறக்குறையத் தெரிந்துவிடும். எண்பதுகளுக்கு முந்தைய வீடுகளில் அது பெரும்பாலும் பளபளப்பான பழுப்பு நிற மண் குழாய். மேலே மிஷின் அதிரும்போது அதன் இணைப்புகள் சத்தமில்லாமல் விரிசல் விடும். சென்னையின் பல தெருக்களில் மின்சாரமும் மண்ணுக்கடியில்தான் வருகிறது. மீட்டர் பெட்டிக்குக் கேபிள் எந்தப் பக்கமாக நுழைகிறது என்று பார்த்து, அந்தப் பாதையில் மிஷின் வைக்கவே கூடாது என்று சொல்லிவிடுங்கள். குடிநீர்க் குழாய், எர்த் கம்பி, போர் குழாய், 2003இல் தமிழகத்தில் எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பு ஆகிய எல்லாவற்றையும் தரையிலேயே பெயிண்டால் வரைந்துவிடுங்கள். சுண்ணாம்புக்கோடு முதல் தண்ணீர் தெளிப்பிலேயே போய்விடும்.

சம்ப் எனும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் மேல்மூடித் தளமும் கழிவுத் தொட்டியின் (செப்டிக் டேங்க்) மேல்தளமும் தரை நிறத்திலேயே இருப்பதால் ஏமாந்துவிடுவோம். உடைக்கும்போது யாருக்கும் தெரியாத பழைய கழிவுத் தொட்டி ஒன்று வெளிப்பட்டால், வேலையை அங்கேயே நிறுத்துங்கள். உள்ளே விழுந்த சுத்தியலை எடுக்கவென்று கூட எவரையும் இறங்க விடாதீர்கள். உள்ளிருக்கும் வாயு ஆள் சுதாரிக்க நேரம் கொடுக்காது. தக்க பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

கணக்கு நீங்களே போடுங்கள்

இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. நீளம், அகலம், கனம் மூன்றையும் அடியாக்கிப் பெருக்கினால் கன அடி. எங்கள் இடம் 20 அடிக்கு 15 அடி, அதாவது 300 சதுர அடி. 4 அங்குலம் என்பது மூன்றில் ஓர் அடி. ஆக, 100 கன அடி. மணலும் ஜல்லியும் வாங்குகிறோமே, அதே கணக்கில் ஒரு யூனிட்.

ஒரு கன அடி கான்கிரீட் ஏறக்குறைய 68 கிலோ. 100 கன அடி என்றால் 6.8 டன். உடைத்ததும் துண்டுகளுக்கு இடையில் காற்று புகுந்து, குவியல் ஒன்றரை மடங்கு இடத்தை அடைக்கும். எடை மாறாது, ஆனால் வாசலில் ஒன்றரை யூனிட் மேடு நிற்கும். நம் ஊரில் குட்டி யானை என்று அழைக்கப்படும் டாடா ஏஸ் வண்டி முக்கால் டன் அளவுக்குத்தான் ஏற்ற வேண்டும். அப்படியானால் குறைந்தது 9 நடை. எங்களுக்கு இரண்டு அடுக்கு என்பதால் 18 நடைக்கு மேல். "ஒரு குட்டி யானை வைத்து அள்ளிவிடலாம்" என்று மேஸ்திரி சொன்னபோது நான் தலையாட்டியதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. இந்த அளவுக்கு டிப்பர்தான் சரி. டிப்பர் தெருவுக்குள் வந்து திரும்ப முடியுமா என்பதை நீங்களே நடந்துபோய்ப் பாருங்கள்.

யாரைக் கூப்பிடுவது?

வழக்கமாக வீட்டு வேலை செய்யும் மேஸ்திரி நம்பிக்கையானவர்; ஆனால் உடைப்பது அவர் தொழிலல்ல. அவர் வெளியிலிருந்து ஆளும் வாடகை மிஷினும் கொண்டுவந்து, தன் பங்கை மேலே வைப்பார். 100 சதுர அடிக்குள் என்றால் அவரே போதும். பிரேக்கர் மிஷின் சொந்தமாக வைத்துக்கொண்டு இருவர் மூவராக வரும் ஆட்கள் உண்டு. வேகமாக உடைப்பார்கள், அள்ள மாட்டார்கள். பழைய வீடுகளை மொத்தமாக இடிக்கும் ஒப்பந்ததாரர்களிடம் ஆள், மிஷின், டிப்பர், கொட்ட இடம் எல்லாம் இருக்கும். சிறு வேலைக்கு அவர்கள் வருவதில்லை என்று நினைக்கிறோம். பக்கத்துத் தெருவில் அவர்களுக்கு வேறு வேலை நடக்கும்போது கேட்டால் வருவார்கள். எங்கள் கொல்லைப்புறத்தை அப்படித்தான் பிறகு முடித்தோம்.

ஜேசிபி பற்றிப் பலருக்கு ஆசை. அது ஏழரை அடி அகலம். கேட்டைக் கழற்றினாலும் நுழையுமா, மேலே மின்கம்பி தாழ்வாகப் போகிறதா, சம்ப் எங்கே என்று பார்த்தால் பாதிப் பேருக்கு அந்த ஆசை தீர்ந்துவிடும். வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, திறந்த மனையில் கிடக்கும் கான்கிரீட்டுக்கு அதுவே சிறந்தது.

குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். நேரில் வந்து குழியைப் பார்த்தவர்களிடம் மட்டும் கேளுங்கள். தொலைபேசியிலேயே விலை சொல்பவர், வேலை பாதியில் இருக்கும்போது இன்னொரு விலை சொல்வார். அண்மையில் முடித்த இடம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே போய், உடைத்தது எப்படி என்று விசாரிப்பதைவிட, "குவியலை எத்தனை நாளில் எடுத்தார்கள்?" என்று கேளுங்கள்.

விலை பேசுதல்

மூன்று முறைகள் உண்டு: நாள் கூலி, சதுர அடிக் கணக்கு, மொத்தக் குத்தகை. நாள் கூலியில் வேலை நீளும். நீங்கள் பக்கத்திலேயே நின்றாக வேண்டும். மொத்தக் குத்தகையில் வேகம் இருக்கும், அந்த வேகத்தில் சுவரில் விரிசலும் வரும். என் கருத்தில் புதியவர்களுக்கு ஏற்றது, கனத்தைக் குறிப்பிட்ட சதுர அடிக் கணக்கு. "5 அங்குலம் வரை இந்த விலை, அதற்குமேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் இவ்வளவு கூடுதல்" என்று முன்பே பேசிவிட்டால், அடியிலிருந்து எது கிளம்பினாலும் சண்டை வராது.

கம்பி யாருக்கு என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். 8 மி.மீ. கம்பியை 8 அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தால், 300 சதுர அடியில் 110 கிலோ அளவுக்கு இரும்பு இருக்கும். பழைய இரும்புக் கடையில் அதற்கு நல்ல காசு. சொல்லாமல் விட்டால் அது ஆட்களுக்குப் போய்விடும். அதில் தவறில்லை, வழக்கம் அதுதான். ஆனால் கம்பியை விட்டுக்கொடுப்பதென்றால் கூலியில் அதைக் கழித்துப் பேசுங்கள்.

கழிவு எங்கே போகிறது?

இந்தக் கேள்விக்கு "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம் சார்" என்பது பதிலாகாது. அப்படிப் பார்த்துக்கொள்ளப்பட்டவைதான் ஏரிக்கரைகளிலும் மழைநீர்க் கால்வாய்களிலும் கிடக்கின்றன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் ஓரங்களிலும் இப்படித்தான் இடிபாடுகளைக் கொட்டினார்கள். என் வாசலுக்கு வெள்ளம் ஏன் வருகிறது என்று யோசித்துக்கொண்டே என் வீட்டு இடிபாட்டை வெள்ளம் வடியும் இடத்துக்கு அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை.

நேர்வழிகள் இருக்கின்றன. முதலாவது, உங்கள் இடத்திலேயே பயன்படுத்துவது. தரையை உயர்த்தப் போகிறீர்கள் என்றால், உடைத்த துண்டுகளைக் கைப்பிடி அளவுக்குச் சிறிதாக்கி, மண்ணோடு சேர்த்துத் திமிசு போட்டு இறுக்கினால் நல்ல அடித்தளம். எங்கள் குவியலில் மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் தீர்ந்தது. இரண்டாவது, பள்ளமான மனையை மேடாக்குபவர்கள். "ரப்பீஸ் (இடிபாடு) தேவை" என்று பலகை எழுதி வைத்திருப்பார்கள். மனைக்காரரிடமே நேரில் பேசிச் சம்மதம் வாங்குங்கள். மூன்றாவது, உள்ளாட்சி. சென்னை மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவைப் பதப்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. 1913 என்ற எண்ணில் கேட்டால் எங்கே கொட்டலாம், கட்டணம் என்ன என்று சொல்வார்கள். பிற ஊர்களில் உங்கள் நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் சுகாதாரப் பிரிவைக் கேளுங்கள். தெருவிலோ கால்வாயிலோ கட்டடக் கழிவு கிடக்கக் கூடாது என்பதை 2016இலேயே மத்திய அரசு தனி விதியாகக் கொண்டுவந்துவிட்டது. அபராதச் சீட்டு மேஸ்திரி பெயரில் வராது, வீட்டுக்காரர் பெயரில்தான் வரும்.

ஒரு சின்ன யோசனை: கான்கிரீட் துண்டோடு செடி, பிளாஸ்டிக், பழைய கதவு எதையும் கலக்காதீர்கள். சுத்தமான குவியலை ஆள் தேடி வந்து எடுப்பார்கள். கலந்த குவியலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு தாளில் எழுதுங்கள்

முத்திரைத் தாள் வேண்டாம். பள்ளி நோட்டுத் தாள் போதும். பரப்பு, கனம், கூடுதல் கனத்துக்கான விலை, கம்பி யாருக்கு, கழிவு எங்கே எத்தனை நாளில் போகும், மிஷின் வாடகை யாருடையது, குழாயோ சுவரோ சேதமானால் யார் சரிசெய்வது, பணம் எப்போது. இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படம். எழுதச் சொன்னால் சில மேஸ்திரிகளுக்குக் கோபம் வரும். "எனக்கு மறதி அதிகம், அதனால்தான்" என்று சொல்லுங்கள். என் அனுபவத்தில் இது வேலை செய்கிறது.

பணத்தை நான் இப்படிப் பிரிக்கிறேன்: ஆட்கள் வந்து இறங்கிய அன்று கால் பங்கு, உடைத்து முடிந்ததும் கால் பங்கு, மீதிப் பாதி கடைசி வண்டி கிளம்பிய பிறகு. உடைத்ததும் முக்கால் பங்கைக் கொடுத்துவிட்டால், அள்ளுவதற்கு ஆள் வரமாட்டார். என் 11 நாளுக்கு இதுவும் ஒரு காரணம்.

எப்போது, எந்த நேரத்தில்?

பொங்கல் முடிந்து ஊருக்குப் போன ஆட்கள் திரும்பிய பிறகு, அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால். அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்த மண்ணோடு வீட்டை விட்டு வைக்காதீர்கள். சுவரோரக் கான்கிரீட் இருந்தவரை மழைநீர் அஸ்திவாரத்துக்குள் இறங்காமல் தடுத்தது. அதை எடுத்ததும் நேராக இறங்கும். களிமண் நிலம் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சுவரில் ஓடும் கோணல் விரிசல்களில் பல இப்படிப் பிறந்தவைதாம்.

இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் இரைச்சல் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்க ஒலி மாசு விதிகள் தடை விதிக்கின்றன. நடைமுறையில் காலை 9 மணிக்குத் தொடங்கி, மதியம் 1 முதல் 3 வரை நிறுத்தி, மாலை 6க்கு முடிப்பது மரியாதை. இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் முந்தைய நாளே போய்ச் சொல்லுங்கள். கைக்குழந்தையோ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ இருக்கிறதா என்று கேளுங்கள். ஒட்டிய சுவர் என்றால், அவர்கள் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களை அவர்கள் அனுமதியோடு படம் எடுத்து வைப்பது இருவருக்கும் நல்லது.

உடைக்கும் நாள்

முதல் வேலை, எதுவரை உடைக்க வேண்டுமோ அந்தக் கோட்டில் கட்டிங் மிஷினால் வெட்டு விடுவது. வெட்டு இல்லாமல் அடித்தால் அதிர்வு சுவருக்கும் படிக்கும் போகும். சுவரிலிருந்து ஓரடிக்குள் மிஷின் வேண்டாம். உளியும் சுத்தியலும் மட்டும். ஆட்கள் இதை அலுத்துக்கொள்வார்கள். நீங்கள் வீட்டில் இருக்க வேண்டியது இதற்காகத்தான்.

கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் திரும்ப வெளியே வராது. தண்ணீர் தெளித்துக்கொண்டே உடைக்கச் சொல்லுங்கள். முகத்தில் துண்டு கட்டுவது போதாது. என்-95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை ஆகியவற்றை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மொத்தச் செலவில் அது ஒரு மூலைக்குக் காணாது. மின்சார பிரேக்கரை வீட்டுக்குள்ளிருந்து மெல்லிய ஒயரில் இழுக்காதீர்கள். 16 ஆம்பியர் பிளக், தடித்த ஒயர், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச் மூன்றும் இருக்க வேண்டும். தண்ணீர் தெளிப்பவர் மிஷின் மீதோ ஒயர் மீதோ தெளிக்கக் கூடாது. ஆட்களிடம் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அட்டை இருந்தால் விபத்து நேரும்போது உதவி கிடைக்க வழியுண்டு.

அள்ளும்போது சிமெண்டுச் சாக்கை வாய்வரை நிரப்ப விடாதீர்கள். நிறைந்த சாக்கு 50 கிலோவைத் தாண்டும். பாதிச் சாக்குதான் முதுகுக்கு நல்லது, நடை கூடினாலும் பரவாயில்லை. 11 மணிக்கும் 4 மணிக்கும் டீ. வெயில் நாளில் நடுவில் மோர்.

மண் தெரியும் அந்த ஓரிரு நாளில், பழைய மண் குழாயைப் பிவிசிக்கு மாற்றிவிடுங்கள். மறுபடி இந்தத் தரையைத் திறக்க 30 ஆண்டுகள் ஆகலாம். முழுவதையும் மீண்டும் கான்கிரீட்டால் மூடத்தான் வேண்டுமா என்றும் பாருங்கள். நாங்கள் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகளுக்கு மட்டும் போட்டு, நடுவில் மண்ணை விட்டிருக்கிறோம். மாமியின் மருமகள் கொடுத்த நந்தியாவட்டைக் கன்று அங்கே நிற்கிறது.

கடைசித் தொகையைக் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சேம்பரின் மூடியையும் திறந்து, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அடுத்த சேம்பரில் அது வந்து சேருகிறதா என்று குனிந்து பாருங்கள். வரவில்லை என்றால் உடைந்த துண்டு ஒன்று குழாயில் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆட்கள் இன்னும் கைகால் கழுவிக்கொண்டிருப்பார்கள், அப்போதே கூப்பிடுங்கள்.